மிருகங்களைப் பார்க்கப் போகலாமா, அத்தா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மதரஸாவில் பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிக்கும் நான் என் சொந்த வீட்டில் செய்த ஒரு தவற்றை இங்கே எழுதுகிறேன். பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணம் ஒருபுறம் இருக்க, எழுதி வைத்தால் எனக்கே அது மறவாது என்பதும் ஒரு காரணம்.

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஃபிரான்சில் உறவுகள் உண்டு. 1962ல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது ஃபிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே வாழ்கிறார்கள். குருசுக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டிற்கும் அப்படியோர் உறவு உண்டு. என் மனைவியின் அக்காளும் சகலையும் பாரிஸ் நகரின் புறத்தே வசிக்கிறார்கள். கோடை விடுமுறையில் வந்து போவார்கள். சென்ற முறை வந்திருந்தபோது அவர்களுடைய மகள், பாரிஸின் கிழக்கு எல்லையில் உள்ள வேன்சேன் உயிரியல் பூங்காவில் எடுத்த படங்களை என் மகளுக்குக் காட்டினாள். மடகாஸ்கர் தீவுக்கே உரிய லெமூர்கள் கிளைக்குக் கிளை தாவும் படங்கள் அவை. "அடுத்த வருஷம் நீங்க எல்லாரும் வந்துடுங்க. வீடு இருக்கு, சாப்பாடு இருக்கு, வேற என்ன வேணும்?" என்று மைத்துனி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு அது ஒரு வார்த்தை. என் மகளுக்கு அதுவே வாக்குறுதியாகிவிட்டது. 13 வயதுப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் தான் காண விரும்பும் அரிய உயிரினங்களைப் பட்டியலிட்டாள். லெமூர் முதலாவது. அரேபியப் பாலைவனத்தின் வெண்ணிற ஓரிக்ஸ் மான் இரண்டாவது. அபூதாபி வழியாகச் செல்லும் விமானத்தில் போனால் நடுவில் இறங்கி, 1968ல் ஷேக் ஸாயித் நிறுவிய அல் ஐன் உயிரியல் பூங்காவில் ஓரிக்ஸைப் பார்த்துவிட்டுப் பாரிஸ் போகலாம் என்பது அவளுடைய கணக்கு. ஃபிரான்சுக்குப் போக வேண்டிய காகிதங்களையும் தேடி எழுதியிருந்தாள். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர்கள் தம் ஊர் நகராட்சியில் பெற்று அனுப்ப வேண்டிய வரவேற்புச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பயண நாளுக்கு ஆறு மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி ஆகிய எல்லாம் அதில் இருந்தன. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, எட்டு வயதுத் தம்பிக்கு 45 யூரோ, ஆக நான்கு பேருக்கு 315 யூரோ என்று கூட்டியும் வைத்திருந்தாள். அந்தக் கட்டணம் விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் அந்த நோட்டை என் முன் வைத்து, "மிருகங்களைப் பார்க்கப் போகலாமா, அத்தா?" என்று கேட்டாள்.

பக்கங்களைப் புரட்டினேன். விமானக் கட்டணம் எழுதியிருந்த பக்கத்தில் என் கண் நின்றது. நால்வருக்கும் சேர்த்துப் பார்த்தால் அது என் ஓராண்டு ஊதியத்தைத் தாண்டியிருந்தது. அதைச் சொல்ல என் நாவு எழவில்லை. நான் சொன்னது வேறு.

"கூண்டில் அடைத்து வைத்த உயிர்களைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது முஃமினுக்கு அழகல்ல, மகளே. ஒரு பூனையை அடைத்து வைத்ததற்காக ஒரு பெண் நரகம் சென்ற ஹதீஸைப் படித்திருக்கிறாய் அல்லவா?"

அவள் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அத்தா, அந்தப் பெண் பூனைக்குச் சாப்பாடும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதனால்தானே தண்டனை? நீங்கதானே அப்படிப் பாடம் நடத்தினீங்க?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும், புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான அந்த ஹதீஸின் முழு வாசகத்தையும் அவளுக்கு மனனம் செய்வித்தவன் நான்தான். அதன் பாதியை மட்டும் எடுத்து அவள் ஆசையை மூடப் பயன்படுத்தியவனும் நானே.

நாவுக்கு வந்தபடி இது ஹலால், இது ஹராம் என்று சொல்லி அல்லாஹ்வின் மீது பொய்யை ஏற்றாதீர்கள் என்னும் கருத்துடைய எச்சரிக்கை சூரா அந்நஹ்லில் 116ஆம் வசனத்தில் இருக்கிறது. அதை எத்தனை முறை வகுப்பில் விளக்கியிருப்பேன்! முஷ்ரிகுகளைப் பற்றியதென்றும் போலி முஃப்திகளைப் பற்றியதென்றும் விளக்கினேனே தவிர, பை காலியாக இருப்பதை மறைக்க மார்க்கத்தைத் திரையாக இழுத்துவிடும் தகப்பனையும் அது தொடும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்றிரவுதான் தோன்றியது.

அவளிடம் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் துணிவு வரவில்லை. "சரியாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கினேன். வாங்கிய தவணைக்கு உண்மையாகவே படித்தேன்.

முதலில் நம் நூல்களைப் பார்த்தேன். அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூஉமைர் ஒரு சிறு குருவி வைத்திருந்ததும், அது இறந்தபின் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் பரிவோடு அதைப் பற்றி விசாரித்ததும் நாம் அறிந்த நிகழ்ச்சி. உணவும் பராமரிப்பும் தந்தால் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்திருக்கிறார்கள். மறுபுறம், குஞ்சுகளை இழந்து தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் தாயிடமே திருப்பிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட நிகழ்ச்சி அபூதாவூதில் இருக்கிறது. பசியாலும் ஓயாத உழைப்பாலும் வாடிய ஒட்டகத்துக்காக அதன் உரிமையாளரான அன்ஸாரியைக் கண்டித்ததும் அதே நூலில் உண்டு. ஆக, அடைத்து வைத்திருக்கிறார்களா என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. எதற்காக, எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வியோடு பாரிஸின் வரலாற்றைப் பார்த்தபோது மனம் கனத்தது. 1794ல், புரட்சிக்குப் பின், வெர்சாய் அரண்மனையில் மன்னர் வைத்திருந்த விலங்குகளில் எஞ்சியவற்றையும் கொண்டு பாரிஸின் தாவரவியல் தோட்டத்தில் ஒரு விலங்ககம் தொடங்கப்பட்டது. 1870ல் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு தீர்ந்தபோது, மக்கள் கண்டு களித்த யானைகளையே கொன்று இறைச்சியாக விற்றார்கள். 1877ல், அதே நகரின் வேறொரு பூங்காவில், நூபியா நாட்டு மனிதர்களையே விலங்குகளோடு காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் அலைமோதியது. வேடிக்கை பார்க்கும் கண்ணுக்கு வரம்பு விதிக்காவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் மகள் பார்க்க விரும்பிய வேன்சேன் பூங்காவுக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு இருப்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 1931ல் வேன்சேனில் மாபெரும் காலனியக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ஃபிரான்ஸ் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளையெல்லாம் அங்கே காட்சிப்படுத்தியது. புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிரெஞ்சு இந்தியாவுக்கும் தனி மண்டபம் இருந்தது. அந்தக் கண்காட்சியில் வைத்த தற்காலிக விலங்குப் பூங்காவுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டே 1934ல் நிரந்தரப் பூங்கா எழுந்தது. அதாவது, விலங்குகளைப் பார்க்க அங்கே வந்த கூட்டம் நம் ஊரையும் ஒரு காட்சிப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பூங்கா 2008ல் மூடப்பட்டு, பழைய சிமெண்டுத் திடல்கள் மாற்றியமைக்கப்பட்டு, ஒவ்வோர் உயிரும் வாழும் நிலத்தைப் போன்ற சூழலோடு 2014ல் மீண்டும் திறக்கப்பட்டது. மனிதர்கள் தம் தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த ஓரிக்ஸ்தான் என் வாதத்தை முற்றிலும் உடைத்தது. அரபியில் அதை மஹா என்பார்கள். நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் 'காட்டு மாடு' என்பதும் இதையே குறிப்பதாகக் கருதுகிறார்கள். துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் பாலைவனத்திற்குள் நுழைந்தபின் அது வேகமாக அழிந்தது. 1962ல் விலங்குப் பாதுகாப்பாளர்கள் சிலர் எஞ்சியவற்றில் ஒரு சிலவற்றைப் பிடித்தார்கள். லண்டன் பூங்காவிலிருந்தும், குவைத், சவூதி ஆட்சியாளர்களிடமிருந்தும் பெற்றவற்றைச் சேர்த்து ஒன்பது மான்களை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர உயிரியல் பூங்காவில் வைத்து வளர்த்தார்கள். 1972ல் காட்டில் இருந்த கடைசி ஓரிக்ஸ் கூட்டமும் வேட்டையாடப்பட்டது. அன்று பூமியில் அந்த இனம் வேலிகளுக்குள் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவ்வாறு வளர்க்கப்பட்டவற்றின் சந்ததியைத்தான் 1982ல் ஓமான் பாலைவனத்தில் மீண்டும் விட்டார்கள். 2011ல், காட்டில் சுமார் ஆயிரம் ஓரிக்ஸ்கள் இருந்த நிலையில், அதன் அபாய நிலை குறைத்து மதிப்பிடப்பட்டது. கூண்டு என்று நான் இகழ்ந்த ஒன்று இங்கே நூஹ் (அலை) அவர்களின் கப்பலைப் போன்ற வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஓமானில் விடப்பட்ட மான்கள் பெருகியதும் திருட்டு வேட்டைக்காரர்கள் வந்தார்கள். வீட்டில் அரிய விலங்கு வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதும் செல்வர்களுக்கு உயிரோடு பிடித்து விற்பதே அவர்கள் தொழில். 1996ல் 450 ஆக இருந்த எண்ணிக்கை 2007ல் 65 ஆகச் சுருங்கியது. சரணாலயத்தின் பரப்பும் பெரிதும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே அதை நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். அரியதைக் காண வேண்டும் என்ற ஆசை ஓர் இனத்தைக் காத்தது. அரியதைத் தனதாக்க வேண்டும் என்ற ஆசை அதே இனத்தை மீண்டும் அழிவுக்கு அருகே கொண்டு சென்றது.

இவற்றையெல்லாம் மகளிடம் சொல்லலாம் என்றிருந்த வேளையில் என் தாயார் பேசினார். வீட்டில் நடப்பதையெல்லாம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டிருப்பவர். ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் என்னை அருகே அழைத்தார். "தம்பி, பிள்ளைக்கு மிருகம் காட்ட வெளிநாடு போறதா பேச்சு நடக்குதே. எனக்குக் கஅபாவைக் காட்டுறதா சொல்லியிருந்தியே, அது ஞாபகம் இருக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. என் தந்தை வஃபாத்தான ஆண்டில் நான் கொடுத்த வாக்கு அது. தன்னிடம் இருந்த சங்கிலியை விற்று அவர் தன் பங்கைச் சேர்த்தே வைத்திருக்கிறார். மஹ்ரமாக உடன் செல்ல வேண்டிய என் பங்குதான் இன்னும் நிறையவில்லை.

அன்று முதல் ஹஜ்ஜின் சட்டங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். பலமுறை பாடம் நடத்திய பகுதிதான். ஆயினும் இம்முறை ஒன்று கண்ணில் பட்டது. இஹ்ராம் கட்டியவருக்குத் தரையில் வாழும் வேட்டைப் பிராணிகள் விலக்கப்பட்டுள்ளன. கொன்றுவிட்டால் அதற்கு ஈடான கால்நடையைப் பரிகாரமாகக் கொடுக்க வேண்டும் என்று சூரா அல்மாயிதா கூறுகிறது. தீக்கோழிக்கு ஓர் ஒட்டகம் என்றும், காட்டு மாட்டுக்கு ஒரு மாடு என்றும் ஸஹாபாக்களின் தீர்ப்புகளைக் கொண்டு நம் இமாம்கள் வகுத்திருக்கிறார்கள். கொல்வது மட்டுமல்ல. இஹ்ராமில் இல்லாத அபூகதாதா (ரலி) ஒரு காட்டுக் கழுதையை வேட்டையாடி வந்தபோது, இஹ்ராமில் இருந்த தோழர்களிடம் நபி (ஸல்) அவர்கள், உங்களில் எவரேனும் அதைத் தாக்கும்படி சொன்னீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்று விசாரித்த பிறகே உண்ண அனுமதித்தார்கள். விரலால் சுட்டிக் காட்டுவதும் கணக்கில் வருகிறது!

இவ்வளவு காலம் ஹஜ்ஜையும் மிருகங்களையும் நான் எதிரெதிரே வைத்துப் பார்த்திருந்தேன். மனிதன் தன் கையும் கண்ணும் ஆசையும் எதுவரை நீளலாம் என்று பயிலும் இடமே இஹ்ராம் என்பது அப்போதுதான் புரிந்தது. பூமியில் நடமாடுபவையும் சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற சூரா அல்அன்ஆமின் கருத்தை ஏட்டில் படித்தவன், இஹ்ராம் கட்டியபின் அதை உடலாலும் படிக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் கருங்கற்களின் மேல் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூனை ஹதீஸைப் பாதியாகச் சொன்னதை ஒப்புக்கொண்டேன். கையில் பணமில்லை என்பதைச் சொன்னேன். நன்னிமாவுக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "காசு இல்லைன்னு முதல்லேயே சொல்லியிருக்கலாமே, அத்தா. நான் அழுதிருக்க மாட்டேன். ஹராம்னு சொன்னதும் என் ஆசையே தப்போன்னு நினைச்சுத்தான் அழுதேன்."

அவள் அழுதது எனக்குத் தெரியாது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

கொஞ்ச தூரத்தில், கற்களின் இடுக்கில் ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. மார்கழி முதல் பங்குனி வரை முட்டையிட நம் கரையை நாடி வரும் ஆமைகளில் சில வலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இப்படி இறப்பது உண்டு. உலகெங்கும் அருகி வரும் இனம் அது. மகள் எழுந்து அருகே போய் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். விசா இல்லாமல், கட்டணம் இல்லாமல், நம் வாசலுக்கே வரும் அரிய உயிரை நாங்கள் இருவரும் அதுவரை நின்று பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் திட்டம் இவ்வாறு இருக்கிறது. முதலாவது, தாயாரின் ஹஜ். என் பங்கு நிறைந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது, நம் அருகில் இருப்பவை. சென்ற மாதம் நால்வரும் நன்னிமாவும் பேருந்தில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் சென்று வந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத சிங்கவால் குரங்கை அங்கே பார்த்தோம். ஐரோப்பியப் பூங்காக்களில் அந்நாட்டுப் பிள்ளைகள் வியந்து பார்க்கும் குரங்கு அது. நாமோ மூன்று மணிநேரப் பயணத்தில் இருந்துகொண்டே பார்க்காமல் இருக்கிறோம். அந்தப் பூங்காவின் வேர் 1855ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கர்நாடக நவாப் தம் விலங்குகளை அங்கே கொடுத்ததில்தான் சென்னையின் விலங்ககம் வளர்ந்தது என்று சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். அரண்மனைக்குள் தனதாக வைத்திருந்ததை ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் மக்கள் பார்வைக்குக் கொடுத்த செய்தி அது.

மூன்றாவது, வெளிநாட்டுப் பயணம். அதை நாங்கள் கைவிடவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. போகும்போது எந்தப் பூங்காவுக்குப் போவது என்பதற்கு மகள் நோட்டில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறாள். அங்குள்ள உயிர்களுக்கு இடமும் நிழலும் ஒதுங்க மறைவும் இருக்கின்றனவா? காட்டிலிருந்து பிடித்து வந்தவையா, பூங்காவிலேயே பிறந்தவையா? அந்த இனத்தை மீண்டும் காட்டில் விட அந்தப் பூங்கா ஏதேனும் செய்கிறதா? குட்டியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் இடங்களுக்குப் போவதில்லை என்பதையும் கீழே சேர்த்திருக்கிறாள். தாயைப் பிரித்த பறவைக் குஞ்சுகளின் ஹதீஸ் அவளுக்கு நினைவிருக்கிறது. பயண நாள் எழுத வேண்டிய இடத்தில் 'இன்ஷா அல்லாஹ்' என்று மட்டும் இருக்கிறது.

வாசிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் நம் சக்திக்கு மீறியதைக் கேட்கும்போது, "இப்போது வசதி இல்லை, துஆச் செய்" என்று சொல்லுங்கள். அது நமக்கு இழிவல்ல. அல்லாஹ் தடுக்காத ஒன்றை, நம் வறுமையையோ சோம்பலையோ மறைக்க அவன் பெயரால் தடுக்காதீர்கள். நம் பை காலியாக இருப்பதைப் பிள்ளைகள் ஒருநாள் எப்படியும் அறிவார்கள். அன்று அவர்கள் மார்க்கத்தைச் சந்தேகிக்காமல் இருக்க வேண்டுமல்லவா?

யா அல்லாஹ்! எங்கள் தாய் தந்தையருக்கு உன் இல்லத்தைக் காணும் பாக்கியத்தை அருள்வாயாக. எங்கள் பிள்ளைகளின் கண்களை உன் படைப்புகளைக் கண்டு உன்னை அறியும் கண்களாக ஆக்குவாயாக. நீ சொல்லாததை உன் பெயரால் சொல்வதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.